சோர்ஸ் கோப்புறைகளை ஒழுங்குபடுத்துவது எப்படி: பெரிய திறந்த மூலத் திட்டங்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஆயிரம், இரண்டாயிரம் சோர்ஸ் கோப்புகள் உள்ள எந்தத் திட்டத்திலும் வருடத்துக்கு ஒருவராவது வந்து, "இந்தக் கோப்புறை அமைப்பு சரியில்லை, நான் மாற்றித் தருகிறேன்" என்பார். பெரும்பாலும் புதியவராக இருப்பார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனாலும் அவர் அனுப்பும் முதல் புல் ரிக்வெஸ்ட்டை (மாற்றங்களைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையை) ஏற்க முடியாமல் போகும். அவர் யோசித்த அமைப்பில் குறை இருக்காது. வேலையைச் செய்த வரிசையில்தான் குறை இருக்கும்.

அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் கருவியைப் பயன்படுத்தும் திட்டங்களுக்கானது இது. உதாரணங்கள் சி, சி++ பக்கம் சாய்ந்திருக்கும். பைத்தானாக இருந்தாலும் கோவாக இருந்தாலும் வரிசை மாறாது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பராமரிப்பாளர்களின் சம்மதம். இரண்டு வாரம் உழைத்து ஐந்நூறு கோப்புகளை நகர்த்திவிட்டு அதன்பிறகு அனுமதி கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வாரத்தில் மூலக் கிளை (எல்லோருடைய மாற்றமும் வந்து சேரும் முதன்மைக் கிளை) நகர்ந்துவிடும், செய்த வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

அடுத்து, புதிதாக எடுத்த ஒரு குளோன் (திட்டத்தின் முழு நகல்). பழைய குளோனில் பில்ட் செய்த மிச்சங்களும், கிட் கண்காணிக்காத கோப்புகளும் கிடக்கும். நகர்த்திய பிறகும் பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை (சோர்ஸிலிருந்து கம்பைலர் உருவாக்குபவை) வைத்துக்கொண்டு பில்ட் ஒழுங்காக ஓடும். உங்கள் கணினியில் மட்டும் ஓடும்.

மூன்றாவது, இரண்டு எண்கள். இப்போதைய பில்டில் எத்தனை ஆப்ஜெக்ட் கோப்புகள் உருவாகின்றன, எத்தனை சோதனைகள் ஓடுகின்றன. இரண்டையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். எதற்கென்று 9-வது படியில் தெரியும்.

2. காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்

எந்தத் தொந்தரவைத் தீர்க்க நகர்த்துகிறோம்? ஒரு வரியில் எழுத வரவில்லை என்றால் நகர்த்த வேண்டாம்.

கிட் திட்டமே நல்ல உதாரணம். அதன் மேல்மட்டக் கோப்புறையில் 'பில்ட்இன்-' என்று தொடங்கும் கோப்புகள் நிறையக் கிடந்தன. 2010 பிப்ரவரியில், கிட்டை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அவற்றை 'பில்ட்இன்' என்ற உள்கோப்புறைக்கு மாற்றினார். காரணம் மிகச் சாதாரணமானது: பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால், 180 பெயர்களையும் காட்டட்டுமா என்று ஷெல் கேட்டது. அன்றாடம் கையில் குத்தும் முள் அது. அந்த அளவுக்குத் தெளிவான காரணம் போதும்.

'அழகாக இருக்கும்', 'இப்போதெல்லாம் எல்லோரும் இப்படித்தான் வைக்கிறார்கள்' என்பவை போதாது. அழகு உங்களுக்கு, பாதை மாறுவதால் வரும் செலவு இன்னும் நாற்பது பேருக்கு.

3. யார் யாரை இழுக்கிறார்கள் என்று பாருங்கள்

கோப்பின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 'நெட்' என்று பெயர் வைத்த கோப்பு உண்மையில் நேரத்தைக் கணக்கிடும் வேலை செய்துகொண்டிருக்கும். பதினைந்து வருடம் ஓடிய திட்டத்தில் பெயர்கள் அப்படித்தான் இருக்கும்.

இரண்டு பட்டியல் எடுங்கள். ஒன்று, எந்தக் கோப்பு எந்த ஹெடரை (மற்ற கோப்புகள் உள்ளே இழுத்துப் பயன்படுத்தும் அறிவிப்புக் கோப்பை) இன்க்ளூட் செய்கிறது என்பது. கம்பைலரே சார்புப் பட்டியலைக் கொடுக்கும். இன்னொன்று, கடந்த இரண்டு வருடக் கமிட்களில் (கிட்டில் பதிந்த மாற்றங்களில்) எந்தக் கோப்புகள் ஒன்றாகவே மாறியிருக்கின்றன என்பது. கிட் லாக்கிலிருந்து இருபது வரி ஸ்கிரிப்டில் எடுத்துவிடலாம்.

இரண்டாவது பட்டியல்தான் உண்மையைச் சொல்லும். பத்துக் கமிட்டில் எட்டில் சேர்ந்தே மாறும் இரண்டு கோப்புகளை வெவ்வேறு கோப்புறையில் வைத்தால், எந்த மாற்றத்துக்கும் இரண்டு இடத்தில் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். அவற்றைப் பிரிக்காதீர்கள்.

4. எதை வைத்துப் பிரிப்பது என்று ஒரு முடிவுக்கு வாருங்கள்

ஒரு மட்டத்தில் ஒரே அளவுகோல் என்பது விதி. பலரும் தடுக்குவது இங்கேதான். ஒரே மட்டத்தில் 'நெட்வொர்க்', 'விண்டோஸ்', 'பழையவை', 'சோதனை' என்று நான்கு கோப்புறைகள் இருந்தால், விண்டோஸுக்கான பழைய நெட்வொர்க் கோப்பு எங்கே போகும்? ஆளுக்கொரு இடம் சொல்வார்கள்.

லினக்ஸ் கர்னலின் டிரைவர் பகுதியைப் பாருங்கள். ஈதர்நெட் டிரைவர்கள் ஒரு காலத்தில் 'டிரைவர்ஸ்/நெட்' கோப்புறையில் குவியலாகக் கிடந்தன. 2011-இல் அவற்றை 'டிரைவர்ஸ்/நெட்/ஈதர்நெட்' என்பதற்குள், தயாரிப்பு நிறுவனத்தின் பெயரில் தனித்தனிக் கோப்புறைகளாகப் பிரித்தார்கள். முதல் மட்டத்தில் சாதனத்தின் வகை, அதற்குள் வலையின் வகை, அதற்கும் உள்ளே நிறுவனம். ஒவ்வொரு மட்டத்திலும் கேள்வி ஒன்றுதான். கையில் ஒரு டிரைவரைக் கொடுத்தால் யாரும் அதே இடத்தில்தான் கொண்டுபோய் வைப்பார்கள்.

யாருக்குத் தெரியலாம் என்பதை வைத்துப் பிரிப்பதும் நன்றாக வேலை செய்யும். பைத்தானின் முதன்மைச் செயலாக்கமான சிபைத்தானின் 'இன்க்ளூட்' கோப்புறையில் மூன்று அடுக்கு உண்டு. மேலே கிடப்பவை நிலையான ஏபிஐ (வெளி நிரல்கள் அழைக்கும் இடைமுகம்). 'சிபைத்தான்' உள்கோப்புறையில் இருப்பவை அந்தச் செயலாக்கத்துக்கே உரியவை. 'இன்டர்னல்' உள்கோப்புறையில் இருப்பவை வெளியார் தொடக்கூடாதவை. கோ மொழி இன்னும் கறார். 'இன்டர்னல்' என்று பெயர் வைத்தால் வெளியிலிருந்து இம்போர்ட் செய்வதைக் கருவியே தடுத்துவிடும்.

'காமன்', 'யூட்டில்ஸ்', 'மிஸ்க்' என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள். வீட்டில் பழைய சாவி, தேய்ந்த பேட்டரி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் போய்ச் சேரும் மேசை இழுப்பறை மாதிரி, இரண்டே வருடத்தில் அது திட்டத்திலேயே பெரிய கோப்புறையாகிவிடும். வேறு வழியில்லை என்றால் 'நேரம்', 'சரம்', 'நினைவகம்' என்று வேலையின் பெயரில் சிறு சிறு கோப்புறைகள் வையுங்கள். மூன்றே கோப்பு இருந்தாலும் பரவாயில்லை.

5. பெயர்களில் மூன்று பொறிகள்

பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை மட்டும் நம்பி இரண்டு பெயர் வைக்காதீர்கள். மேக், விண்டோஸ் கணினிகளின் வழக்கமான கோப்பமைப்பில் இரண்டும் ஒன்றாகிவிடும். கர்னலின் நெட்ஃபில்டர் (நெட்வொர்க் பொட்டலங்களை வடிகட்டும்) பகுதியில் அப்படிப்பட்ட ஜோடிகள் உண்டு. அதனால்தான் மேக்கில் கர்னலை குளோன் செய்தவுடனே, எதையும் தொடாமலே, சில கோப்புகள் மாறியிருப்பதாக கிட் சொல்லும்.

'ஆக்ஸ்', 'கான்', 'நல்', 'பிஆர்என்' என்ற பெயர்கள் விண்டோஸ் தனக்கென ஒதுக்கி வைத்தவை. பின்னொட்டு சேர்த்தாலும் தொல்லைதான்.

பாதையின் நீளம் மூன்றாவது. விண்டோஸின் பழைய எல்லை 260 எழுத்து. அது கோப்பின் முழுப் பாதைக்கானது. பயனரின் சொந்தக் கோப்புறைப் பெயரும் அதில் அடக்கம். நான்கு மட்டத்துக்கு மேல் உள்ளே போகிறீர்கள் என்றால் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

6. இடமாற்றப் பட்டியலைத் தனிக் கோப்பாக எழுதுங்கள்

ஒரு வரிக்கு ஒரு கோப்பு. இடப்பக்கம் பழைய பாதை, வலப்பக்கம் புதியது. இப்படி:

எஸ்ஆர்சி/சாக்கெட்.சி → லிப்/நெட்/சாக்கெட்.சி
எஸ்ஆர்சி/சாக்கெட்.ஹெச் → லிப்/நெட்/சாக்கெட்.ஹெச்
எஸ்ஆர்சி/கடிகாரம்.சி → லிப்/நேரம்/கடிகாரம்.சி

நகர்த்தும் ஸ்கிரிப்ட் இதைப் படித்து, வரிக்கு ஒரு கிட் எம்வி கட்டளையை ஓட்டினால் போதும். கையால் இழுத்துப் போடாதீர்கள்.

ஏன் என்றால், விவாதம் முடிவதற்குள் மூலக் கிளை மாறிக்கொண்டே இருக்கும். கையால் செய்தவர் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்குவார். பட்டியல் வைத்திருப்பவர் புதிய மூலக் கிளையை இழுத்து, ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போவார். ரிவ்யூ செய்பவருக்கும் ஐந்நூறு கோப்பின் டிஃபை (மாறிய வரிகளின் பட்டியலை) படிப்பதைவிட ஐந்நூறு வரிப் பட்டியலைப் படிப்பது எளிது. கர்னலில் 2012-இல், பயனர் நிரல்களுக்கான ஹெடர்களைப் பிரித்து 'யுஏபிஐ' கோப்புறைக்குக் கொண்டுபோனபோதும் ஸ்கிரிப்டை வைத்துத்தான் செய்தார்கள். கையால் செய்யக்கூடிய அளவில் அது இல்லை.

பட்டியலில் இல்லாத கோப்பு ஏதாவது பழைய இடத்தில் மிஞ்சினால் ஸ்கிரிப்ட் பிழை காட்டி நிற்க வேண்டும். நேற்று யாரோ புதிதாகச் சேர்த்த கோப்பு அப்போதுதான் கண்ணில் படும்.

7. நாள் குறியுங்கள்

வெளியீடு முடிந்த கையோடு நகர்த்துவது நல்லது. அப்போதுதான் திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்கள் குறைவாக இருக்கும். வெளியீட்டுக்கு முந்தைய வாரம் நகர்த்தினால், அவசரத் திருத்தம் போடும் ஆள் கோப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

குறித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்பே பட்டியலை எல்லோர் பார்வைக்கும் வையுங்கள். எந்தத் திறந்த புல் ரிக்வெஸ்ட் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று பட்டியலோடு ஒப்பிட்டு, அதை அனுப்பியவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். பொது அறிவிப்பை யாரும் படிப்பதில்லை.

8. நகர்த்தல் தனி, திருத்தம் தனி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

கோப்பின் பெயர் மாறியது என்று கிட் எங்கேயும் எழுதி வைப்பதில்லை. கிட் எம்வி கட்டளையில் எந்த மந்திரமும் இல்லை. பழையதை நீக்கிப் புதியதைச் சேர்ப்பதும் அதுவும் ஒன்றுதான். பின்னால் யாராவது வரலாற்றைக் கேட்கும்போதுதான், நீங்கிய கோப்பையும் சேர்ந்த கோப்பையும் ஒப்பிட்டு, "இது அதுவாகத்தான் இருக்கும்" என்று கிட் ஊகிக்கிறது.

ஊகம் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் உள்ளடக்கம் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று ஹேஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்ணை) வைத்துப் பார்க்கும். ஒன்றாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். ஐயாயிரம் கோப்பு நகர்ந்தாலும் சிரமமில்லை. மிஞ்சியவற்றுக்கு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று பார்க்கும். வழக்கமான எல்லை 50 சதவீதம். இந்த இரண்டாம் கட்டத்தில் நீங்கியவை ஒவ்வொன்றையும் சேர்ந்தவை ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டியிருப்பதால், எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டினால் கிட் தேடுவதையே விட்டுவிடும்.

ஆகவே, நகர்த்தும் கமிட்டில் கோப்பின் உள்ளே ஒரு எழுத்துகூட மாறக்கூடாது. மாறாமல் இருந்தால் எல்லாமே முதல் கட்டத்திலேயே பிடிபடும்.

புதியவர் ஒருவர் அனுப்பியது இன்னும் நினைவில் இருக்கிறது. பட்டியல் சரி, அமைப்பு சரி. ஆனால் அவருடைய எடிட்டர் சேமிக்கும்போதே கோப்பை ஃபார்மட் செய்யும்படி வைத்திருந்தார். ஒவ்வொரு கோப்பையும் திறந்து இன்க்ளூட் வரியைத் திருத்திச் சேமித்ததில், டேப் எல்லாம் ஸ்பேஸ் ஆகிவிட்டது. டிஃபைத் திறந்தால் நூற்றுக்கணக்கான கோப்புகள் நீக்கம், அதே எண்ணிக்கை சேர்ப்பு. பெயர் மாற்றம் என்று பிடிபட்டவை விரல்விட்டு எண்ணலாம். அதை அப்படியே மெர்ஜ் செய்திருந்தால், பத்து வருடப் பிழைத்திருத்தங்களை யார் எதற்குச் செய்தார்கள் என்ற தடயம் அந்த ஒரே கமிட்டில் போய் முட்டி நின்றிருக்கும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். இன்க்ளூட் பாதையைத் திருத்தாமல் நகர்த்தினால் அந்தக் கமிட் பில்ட் ஆகாதே, பிறகு பைசெக்ட் செய்பவர் (பழைய கமிட்களை ஒவ்வொன்றாக பில்ட் செய்து, பிழை எதில் வந்தது என்று தேடுபவர்) திண்டாடுவாரே? சரிதான். அதற்குத்தான் மூன்று கமிட்களாகப் பிரிக்கிறோம்.

முதல் கமிட் தயாரிப்பு. 'இரண்டு கோப்புறை மேலே போய் அங்கிருந்து இறங்கு' என்ற மாதிரி எழுதிய சார்புப் பாதைகளையெல்லாம் வெறும் ஹெடர் பெயராக மாற்றுங்கள். கோப்பு இன்னும் நகரவில்லை, பில்ட் ஓடும்.

இரண்டாம் கமிட் நகர்த்தல். சோர்ஸ் கோப்புகள் அப்படியே இடம் மாறும். அதோடு பில்ட் கோப்புகள் மட்டும் திருத்தப்படும். ஹெடர் தேடும் பாதைகளில் புதிய கோப்புறைகளைச் சேர்ப்பதும் அதில் அடக்கம். சோர்ஸ் கோப்பின் உள்ளே கை வைக்கவில்லை, ஆனால் பில்ட் ஓடும்.

மூன்றாம் கமிட் சுத்தம். இன்க்ளூட் வரிகளைப் புதிய பாதைக்கு மாற்றி, ஹெடர் காவல் பெயர்களை (ஒரே ஹெடர் இரண்டு முறை உள்ளே வராமல் தடுப்பவை) திருத்தி, இரண்டாம் கமிட்டில் தற்காலிகமாகச் சேர்த்த தேடல் பாதைகளை நீக்குங்கள்.

நகர்த்தும்போது இரண்டு கோப்புகள் ஒரே பெயரில் மோதினால் என்ன செய்வது? கர்னல் 2.6.24-இல் 32 பிட், 64 பிட் இன்டெல் கட்டமைப்புகளின் இரண்டு மரங்களை 'ஆர்ச்/எக்ஸ்86' என்று ஒன்றாக்கியதைப் பாருங்கள். இரண்டிலும் 'பிராசஸ்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தது. அவசரப்பட்டு உள்ளடக்கத்தை ஒன்றிணைக்கவில்லை. ஒன்றின் பெயரோடு 32, இன்னொன்றோடு 64 என்று சேர்த்து முதலில் ஒரே கோப்புறைக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்றாக்க முடிந்த கோப்புகளைப் பிற்பாடு ஒவ்வொன்றாக ஒன்றாக்கினார்கள். பிராசஸ் கோப்பின் அந்த இரண்டு வடிவங்களும் இன்றைக்கும் தனித்தனியாகவே இருக்கின்றன, யாருக்கும் நஷ்டமில்லை.

இன்னொன்று: மெர்ஜ் செய்யும்போது மூன்று கமிட்டையும் ஒன்றாகச் சுருட்டும் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். திட்டத்தின் வழக்கமே அதுதான் என்றால், மூன்றையும் மூன்று புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்புங்கள். ஒரு மாதம் கவனமாகப் பிரித்ததை ஒரே கிளிக்கில் சேர்த்துவிட்டு விழித்த ஆளை எனக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

9. பில்ட் பச்சை காட்டினால் நம்பாதீர்கள்

1-வது படியில் குறித்த இரண்டு எண்களை இப்போது எடுங்கள்.

பில்ட் கோப்பில் ஒவ்வொரு சோர்ஸ் கோப்பையும் பெயர் சொல்லி எழுதியிருந்தால் கவலை இல்லை. விட்டுப்போனதை லிங்கர் கத்திச் சொல்லிவிடும். நட்சத்திரக் குறி போட்டு 'இந்தக் கோப்புறையில் உள்ள எல்லாம்' என்று எழுதியிருந்தால்தான் ஆபத்து. கோப்பு உள்கோப்புறைக்குப் போனதும் நட்சத்திரக் குறிக்கு அது தெரியாது. பிளகின் போன்ற, வேறு எதுவும் நேரடியாக அழைக்காத கோப்பு என்றால் லிங்கரும் கத்தாது.

சோதனைகளில் இது இன்னும் மோசம். சோதனைக் கோப்புகளைத் தானாகத் தேடி ஓட்டும் கருவிகள், கண்டுபிடித்தவற்றை மட்டும் ஓட்டிவிட்டு, எல்லாம் தேறியது என்று பச்சை விளக்கு காட்டும். முன்பு 1,840 சோதனை ஓடி இப்போது 1,655 ஓடினாலும் விளக்கு பச்சைதான். எண்ணைப் பாருங்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள்.

10. பாதை ஒட்டிக்கொண்டிருக்கும் மற்ற இடங்கள்

பழைய கோப்புறைப் பெயரை கிட் கிரெப் வைத்துத் திட்டம் முழுக்கத் தேடுங்கள். சோர்ஸில் கிடைப்பதைவிட மற்ற இடங்களில்தான் அதிகம் கிடைக்கும்.

பராமரிப்பாளர் பட்டியல். கர்னலில் மெயின்டெய்னர்ஸ் கோப்பு, மற்ற பல திட்டங்களில் கோட்ஓனர்ஸ். இவற்றில் பழைய பாதை கிடந்தால் எந்தப் பிழையும் வராது. ரிவ்யூ செய்ய வேண்டியவருக்குத் தகவல் போகாது, அவ்வளவுதான். யாரும் பார்க்காமல் பேட்ச் தூங்கும். பொருந்தாத பாதைகளைக் காட்ட கர்னலின் 'கெட் மெயின்டெய்னர்' ஸ்கிரிப்டிலேயே ஒரு சுயசோதனை உண்டு. உங்கள் திட்டத்தில் இல்லை என்றால் பத்து வரியில் எழுதிவிடுங்கள்.

கிட்இக்னோர், அதாவது கிட் புறக்கணிக்க வேண்டியவற்றின் பட்டியல். இதில் ஒரு நுட்பமான பொறி. பைத்தான் திட்டங்களின் வழக்கமான கிட்இக்னோர் வார்ப்புருவில் 'லிப்' என்ற கோப்புறையும் 'பில்ட்' என்ற கோப்புறையும் புறக்கணிப்புப் பட்டியலில் இருக்கும். நீங்கள் 'லிப்' என்ற பெயரில் புதுக் கோப்புறை உண்டாக்கினால், நகர்த்திய கோப்புகள் ஏற்கனவே கண்காணிப்பில் இருப்பதால் ஒழுங்காகப் போய்விடும். இரண்டு வாரம் கழித்து யாராவது அதில் புதுக் கோப்பு சேர்ப்பார். அது சத்தமில்லாமல் விடுபடும். அவர் கணினியில் பில்ட் ஆகும், சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாக பில்ட் செய்து சோதிக்கும் அமைப்பில்) ஆகாது.

சிஐ வடிகட்டிகள். 'இந்தக் கோப்புறை மாறினால் மட்டும் இந்தச் சோதனையை ஓட்டு' என்று எழுதியிருப்பார்கள். பாதை மாறினால் அந்தச் சோதனை இனி ஓடவே ஓடாது.

மொழிபெயர்ப்பு. தமிழாக்கத்தில் பங்களிப்பவர்களுக்கு இந்த வலி தெரிந்திருக்கலாம். கேடிஈ (லினக்ஸ் மேசைத்தளச் சூழல்) திட்டங்களில் மெசேஜஸ் என்ற சிறு ஸ்கிரிப்ட், எந்தக் கோப்புகளிலிருந்து சரங்களை எடுப்பது என்று சொல்லும். அதில் பெரும்பாலும் நட்சத்திரக் குறிதான். கோப்புகள் உள்கோப்புறைக்குப் போனால் சரங்கள் வார்ப்புருவிலிருந்து காணாமல் போகும். அடுத்த தடவை கோப்புகளை ஒன்றிணைக்கும்போது, உட்கார்ந்து மொழிபெயர்த்தவை எல்லாம் வழக்கொழிந்தவை என்று கீழே தள்ளப்படும். பில்ட் அப்போதும் பச்சைதான். நகர்த்துவதற்கு முன்னும் பின்னும் வார்ப்புருவில் எத்தனை சரங்கள் என்று எண்ணிவிடுங்கள்.

திட்டத்துக்கு வெளியே இருப்பவை கிரெப்பில் வராது. டெபியன் போன்ற விநியோகங்கள் தங்கள் பேட்ச்களைத் தங்களிடமே வைத்திருக்கும். ஓஎஸ்எஸ்-ஃபஸ் (தாறுமாறான உள்ளீடு கொடுத்துப் பிழை தேடும் சேவை) பயன்படுத்தும் திட்டங்களுக்கு, ஃபஸ் பில்ட் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் அந்தச் சேவையின் களஞ்சியத்தில்தான் இருக்கும். இவர்களுக்கெல்லாம் முன்கூட்டியே சொல்ல வேண்டியதுதான்.

11. பழைய முகவரியில் எதை விட்டுவைப்பது

திட்டத்துக்குள் மட்டும் பயன்படும் கோப்பு என்றால் எதையும் விடாதீர்கள். வெளியார் இன்க்ளூட் செய்யும் பொது ஹெடர் என்றால், பழைய பெயரில் ஒரு வரி ஹெடர் வைத்து, அது புதியதை இன்க்ளூட் செய்யட்டும். எந்த வெளியீட்டில் அதை நீக்கப்போகிறோம் என்பதை அந்தக் கோப்பிலேயே குறிப்பிடுங்கள். குறிப்பிடாததை யாரும் நீக்கப் போவதில்லை.

ஆனால் அந்த ஒரு வரி ஹெடரைப் பழைய கோப்புறையிலேயே வைக்காதீர்கள். 'காம்பட்' என்று தனிக் கோப்புறை உண்டாக்கி, அதற்குள் பழைய பாதையை அப்படியே அமைத்து, ஹெடர் தேடும் பாதையில் சேருங்கள். காரணம் கொஞ்சம் விசித்திரமானது. ஒரு கோப்புறை முழுவதும் இடம் மாறினால் கிட் அதைக் கவனிக்கும். வேறு கிளையில் யாராவது பழைய கோப்புறையில் புதுக் கோப்பு சேர்த்திருந்தால், மெர்ஜ் செய்யும்போது அது புதிய இடத்துக்குப் போக வேண்டியதாக இருக்கலாம் என்று மோதலாகக் காட்டும். 2018-இல் வந்த கிட் 2.18 முதல் இந்த வசதி உண்டு. ஆனால் பழைய கோப்புறை இன்னும் இருந்தால், அது இடம் மாறியதாகவே கிட் கருதாது. "இங்கிருந்தவை அங்கே போய்விட்டன" என்று நல்லெண்ணத்தில் ஒரு ரீட்மீயைப் பழைய கோப்புறையில் வைத்தால்கூடப் போச்சு. அந்தக் குறிப்பை வேறெங்காவது வையுங்கள்.

12. காத்திருக்கும் பேட்ச்களுக்குக் கை கொடுங்கள்

நகர்த்திய அன்றே, திறந்திருக்கும் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டையும் நீங்களே ரீபேஸ் செய்து (புதிய மூலக் கிளையின் மேல் மறுபடி அமர்த்தி) பாருங்கள். 8-வது படியை ஒழுங்காகச் செய்திருந்தால் பெரும்பாலானவை தானாகப் பொருந்திவிடும். கிட் 2.34 அல்லது அதற்குப் பிந்தையது இருக்கட்டும். அதில் வழக்கமான மெர்ஜ் முறையாக வந்த 'ஓர்ட்', பெயர் மாற்றங்கள் நிறைய உள்ள இடங்களில் பழையதைவிட மிக வேகமானது.

பங்களிப்பவர்களை மூன்று கமிட்டையும் ஒரே தாவலில் தாண்டச் சொல்லாதீர்கள். முதலில் நகர்த்தும் கமிட் வரைக்கும் ரீபேஸ், சரியாக வந்ததா என்று பார்த்துவிட்டு அப்புறம் சுத்தம் செய்த கமிட்டுக்கு. மோதல் வந்தால் எதனால் வந்தது என்று உடனே தெரியும்.

பேட்ச்களை அஞ்சலில் அனுப்பும் திட்டம் என்றால் கிட் ஏஎம் கட்டளையை மும்முனை மெர்ஜ் தெரிவோடு ஓட்டச் சொல்லுங்கள். வெறுமனே ஓட்டினால் அது பேட்சில் எழுதியிருக்கும் பழைய பாதையைத் தேடி, கோப்பு இல்லை என்று நின்றுவிடும்.

மூன்று பேர் உதவி கேட்பார்கள். மீதிப் பேர் கேட்காமலே திட்டத்தை விட்டுப் போய்விடுவார்கள். அதனால் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

13. சரிபார்த்து, காவல் வையுங்கள்

பழைய கோப்புகளில் பத்தை எடுத்து, கிட் லாக்கை ஃபாலோ தெரிவோடு ஓட்டுங்கள். நகர்த்தலைத் தாண்டிப் பழைய வரலாறு வருகிறதா? ஃபாலோ இல்லாமல் ஓட்டிவிட்டு, வரலாறு போய்விட்டது என்று பதறுபவர்கள் உண்டு. பங்களிப்பு வழிகாட்டியில் இதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார் என்று காட்டும் கிட் பிளேமுக்கு இது தேவையில்லை, முழுக் கோப்பின் பெயர் மாற்றத்தை அது தானாகவே தாண்டிச் செல்லும்.

சுத்தம் செய்த மூன்றாம் கமிட்டின் அடையாளத்தை, பிளேம் புறக்கணிக்க வேண்டிய கமிட்களின் பட்டியல் கோப்பில் சேருங்கள். ஆயிரம் இன்க்ளூட் வரிகளுக்கும் ஆசிரியர் நீங்களே என்று காட்டிக்கொண்டிருக்காது. கிட் 2.23 முதல் இது வேலை செய்யும்.

பழைய நிலையான கிளைகளைத் தொடாதீர்கள். அவற்றுக்குத் திருத்தம் கொண்டுபோக செர்ரி-பிக் (ஒரு கமிட்டை மட்டும் வேறு கிளையில் போடும் கட்டளை) போதும். பாதை வேறுபாட்டை அது பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக, சிஐயில் ஒரு சிறு காவல். பழைய கோப்புறையின் பெயரில் யாராவது மறுபடி கோப்பு சேர்த்தால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். 'லிப்/நேரம்' கோப்புறையில் உள்ளது 'லிப்/நெட்' ஹெடரை இன்க்ளூட் செய்தாலும் எரிய வேண்டும். பிழைச் செய்தியில் 'அனுமதி இல்லை' என்று மட்டும் எழுதாமல், 6-வது படியில் எழுதிய பட்டியலிலிருந்து புதிய பாதையை எடுத்துக் காட்டும்படி செய்யுங்கள். ஆறு மாத விடுப்பு முடிந்து திரும்பும் பங்களிப்பாளர் 'எஸ்ஆர்சி/சாக்கெட்.சி' என்று பழைய நினைவில் ஒரு கோப்பை அனுப்புவார். அவருக்கு நாம் எழுதும் விளக்கத்தை அந்தச் செய்தியே எழுதிவிடும்.